முதற் பந்தியும் கடைசிப் பந்தியும்

வரவு-செலவுத் திட்டம் என்றதும், அஃது எண்களை நிரல்பட அடுக்கிய ஓர் அட்டவணை, நிதியமைச்சரும் கணக்காளரும் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம் என்று மாணவரிற் பலர் ஒதுக்கிவிடுகின்றனர். அடுப்படியைக் கவனிக்கும் தாய்மாருக்கு இந்த மயக்கம் இல்லை. கையிலிருப்பது முப்பதினாயிரம், வேண்டியது ஐம்பதினாயிரம் என்றால், எதை முதலிற் கொடுப்பது, எதைத் தள்ளிப்போடுவது, யாரைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்பது என்பதே அவர்கள் போடுந் திட்டம். கடைக்காரரின் பழைய கடனா, பிள்ளையின் மருந்தா, கோயில் திருவிழாவுக்கு உபயமா? இருப்பது நிறைய என்றால் இந்த வரிசை கண்ணிற் படுவதில்லை. சோறு குறைந்த கலியாண வீட்டிலேதான் முதற் பந்தியில் இருந்தவர் யார், கடைசிப் பந்திக்குக் காத்து நின்றவர் யார் என்பது ஊருக்குத் தெரியவரும்.

வீட்டையும் நாட்டையும் இப்படி ஒப்பிடுவதைப் பொருளியல் ஆசிரியர்கள் விரும்பமாட்டார்கள். வீட்டுத் தலைவி நோட்டு அச்சிட முடியாது. அரசாங்கம் அச்சிடலாம் என்பர். உண்மையே. இலங்கை அரசாங்கம் அதையும் அச்சிட்டுப் பார்த்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருள்களுக்கு மாத்திரம் ஏறக்குறைய 95 வீதம். ஆகவே ஒப்புமையை நாம் கைவிடுவதாயில்லை.

2019 நவம்பரிற் பதவியேற்று 2022 ஜூலையில் நாட்டைவிட்டு வெளியேறிப் பதவி துறந்த ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் ஆட்சியிலே, திறைசேரிக்கு முடை வந்த வேளையில் யார் முதற் பந்தியில் அமர்த்தப்பட்டனர் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட விடயம்.

குறை சொல்லுமுன் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அவர் ஏற்றுக்கொண்ட வீடு செழித்த வீடன்று. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளால் உல்லாசப் பயணத் தொழில் படுத்துவிட்டது. மறு ஆண்டிலே கொரோனா வந்தது. சர்வதேசச் சந்தையிற் பிணைமுறி விற்றுக் கடன் வாங்கும் வழக்கம் 2007 இல் தொடங்கியது. அதன் பின் வந்த எல்லா அரசாங்கங்களும் அதே கிணற்றில் மாறி மாறி நீர் அள்ளின. இவற்றை அவர் தலையில் மாத்திரம் ஏற்றுவது முறையாகாது. ஆயின், கொரோனா என்ற சொல்லை உலகம் கேள்விப்படு முன்னரே அவர் செய்த முதற் காரியம் ஒன்று உண்டு.

பதவியேற்ற இரு வாரங்களுக்குள், 2019 டிசெம்பர் 1 ஆம் திகதி முதல், பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாக இறக்கப்பட்டது. ஆண்டுக்கு ஒரு கோடியே 20 இலட்சம் ரூபாவுக்கு மேல் விற்பனை செய்வோர் அவ்வரிக்குப் பதிய வேண்டுமென இருந்த எல்லை, 30 கோடி ரூபாவாக உயர்த்தப்பட்டது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி அடியோடு நீக்கப்பட்டது. கம்பனிகளின் வருமான வரி 28 இலிருந்து 24 வீதமாகியது. 2020 ஜனவரி முதல், சம்பளத்தில் மாதந்தோறும் கழிக்கப்பட்ட உழைக்கும்போதே செலுத்தும் வரியும் ஒழிக்கப்பட்டது. மாதம் இரண்டரை இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த வருமானமுடையோருக்கு வருமான வரி இல்லை என்றாயிற்று.

இச்செய்தி வந்த நாளில் நாட்டிற் பலர் மகிழ்ந்தனர். வரி குறைந்தது என்றால் யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் கணக்கைச் சற்று நின்று பார்ப்போம். முன்பிருந்த சட்டப்படியே, மாதம் ஓரிலட்சம் ரூபா வரை சம்பளம் பெற்றவர் அவ்வரியாக ஒரு சதமும் செலுத்தவில்லை. ஆகவே நாற்பதினாயிரம் வாங்கிய பாடசாலை ஆசிரியைக்கு அதன் ஒழிப்பாற் கிடைத்தது ஒன்றுமில்லை. தோட்டத் தொழிலாளிக்கும் இல்லை, மீன்பிடிப்பவருக்கும் இல்லை. ஓரிலட்சத்துக்கு மேற் பெற்றவருக்கே கிடைத்தது. பெறுமதி சேர் வரியின் குறைப்பு எல்லோருக்கும் பொது என்பர். விற்பவர் விலையைக் குறைத்தால் அது பொது. குறைக்காவிட்டால் விற்பவருக்கே சொந்தம்.

இதற்குச் சீனியே சாட்சி. 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனிக்குக் கிலோ ஒன்றுக்கு 50 ரூபாவாக இருந்த தீர்வை 25 சதமாக்கப்பட்டது. ஐம்பது ரூபா எங்கே, கால் ரூபா எங்கே! ஆயினும் கடையில் நாம் சீனி வாங்கிய விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை. திறைசேரிக்கு 1,500 கோடி ரூபாவுக்கு மேல் நட்டம் என்று பின்னர் பாராளுமன்றத்திலே கணக்கு வந்தது. அந்தப் பணம் காற்றிலே கரைந்து போகவில்லை. தீர்வை குறைந்த நாளிற் கையில் சீனி வைத்திருந்தவரைச் சேர்ந்தது.

இவற்றின் பயனாக, 2019 இல் நாட்டின் மொத்த உற்பத்தியிற் சுமார் 12 வீதமாக இருந்த அரசாங்க வருமானம், 2021 இல் 8 வீதத்தையொட்டி இறங்கியது. உலகிலே மிகக் குறைந்த வருமானம் பெறும் அரசாங்கங்களுள் எமதும் ஒன்றாயிற்று. வெளிநாட்டுத் தரமதிப்பீட்டு நிறுவனங்கள் 2020 இலேயே எமது நாட்டைக் கீழே கீழே தள்ளின. பழைய கடனைப் புதுக் கடனால் அடைக்கும் வழி அடைபட்டது. நோய் வந்தபின் வரியைத் திரும்ப உயர்த்துவது கடினம் என்று ஆட்சியாளர் சொன்னது சரியே. நோய்க்கு முன் அதைக் குறைக்கச் சொன்னவர் யார் என்பதுதான் கேள்வி.

வருவாயை விட்டுவிட்டவர் செலவைச் சுருக்கினாரா என்றால், அதுவும் இல்லை. ஐம்பதினாயிரத்திற்கு மேற்பட்ட பட்டதாரிகளுக்கு அரசாங்க வேலை; வறிய குடும்பங்களிலிருந்து ஓரிலட்சம் பேருக்கு வேலை; ஓரிலட்சம் கிலோமீற்றர் வீதி. வேலை தருவதையும் வீதி போடுவதையும் நாம் பழிக்கவில்லை. எமது வாசகர் வீடுகளிலேயே அந்நியமனம் பெற்றோர் இருக்கலாம். அவர்கள் மகிழ்ந்ததில் தவறில்லை. பானையிற் சோறில்லாதபோது பந்திக்கு அழைத்தவர்மீதே எமது குறை.

இதற்கிடையில், 2020 ஒக்டோபரில், ஜனாதிபதியின் அதிகாரத்தைப் பெருக்கும் 20 ஆம் திருத்தம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. கொரோனாவின் இரண்டாம் அலை எழுந்துகொண்டிருந்த வேளை அது. இரட்டைக் குடியுரிமையுடையோர் பாராளுமன்றம் வருவதற்கிருந்த தடையும் அத்திருத்தத்தால் நீங்கியது. 2021 ஜூலையில் ஜனாதிபதியின் தம்பியார் பசில் ராஜபக்ஷ நிதியமைச்சரானார். அதற்கு முன் அப்பதவியிலிருந்தவர் தமையனார். நாடு கடனில் மூழ்கிக்கொண்டிருக்க, முதலில் திருத்தப்பட்டது அரசியலமைப்பு.

இனி வயலுக்கு வருவோம். தேர்தல் விஞ்ஞாபனத்திலே சேதனப் பசளைக்குப் பத்தாண்டுகளில் மாறுவதாக வாக்களித்தவர், 2021 மே மாதத்தில் ஒரே வர்த்தமானி அறிவித்தலால் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார். மக்களின் உடல்நலமே காரணம் என்று சொல்லப்பட்டது. சிறுநீரக நோய் வட மத்திய மாகாணத்தைப் பீடித்திருப்பதை எவரும் மறுக்கவில்லை. சேதனப் பசளை நல்லதென்பதை எமது பாட்டனார்மார் சொல்லியே அறிவோம். ஆனால் பத்தாண்டுக்குரிய மாற்றம் பத்து நாளில் வந்தமைக்கு உடல்நலம் மாத்திரம் காரணமாகாது. பசளை வாங்க டொலர் வேண்டும். கையில் டொலர் இல்லை. வரியைச் செலுத்தக் கூடியவரிடம் வாங்காது விட்ட அரசாங்கம், செலவை யாரிடம் குறைக்கலாம் என்று நாற்புறமும் நோக்கியபோது கண்ணிற் பட்டவன் கமக்காரன்.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அம்பாறையிலும் பொலன்னறுவையிலும் கதை ஒன்றே. யூரியாவின்றிப் பயிர் மஞ்சளித்தது. அவ்வாண்டு நவம்பரிலே தடையை விலக்கினர். பெரும்போகத்துக்கு அது காலங்கடந்த மருந்து. அரிசியில் தன்னிறைவை எட்டியிருந்த நாடு இந்தியாவிலிருந்தும் மியன்மாரிலிருந்தும் அரிசி வாங்கியது. விளைச்சலிழந்த கமக்காரருக்கு நட்டஈடாக 20 கோடி டொலர் பெறுமதியான பணம் கொடுக்கப்படுமென 2022 ஜனவரியில் அரசாங்கம் அறிவித்தது. மலைநாட்டுத் தேயிலை இன்னும் மெதுவாகச் சோர்ந்தது. 2021 இற் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த உற்பத்தி, 2022 இல் ஏறக்குறைய 25 கோடியாகக் குறைந்தது. கால் நூற்றாண்டில் அவ்வளவு குறைந்த ஆண்டு வேறில்லை. டொலரை மிச்சம் பிடிக்கப் போட்ட தடை, டொலரைத் தேடித் தந்த செடியையே வாட்டிற்று.

இதிலே கப்பற் கதை ஒன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. சீனாவிலிருந்து தருவிக்கப்பட்ட சேதனப் பசளையிலே தீங்கு விளைக்கும் நுண்ணுயிர் உண்டென எமது பரிசோதகர் கண்டு மறுத்தனர். கப்பல் கடலிற் சுற்றிச் சுற்றித் திரும்பிப் போயிற்று. பசளை தரை இறங்கவேயில்லை. ஆயினும் 2022 ஜனவரியிலே, இராசதந்திரச் சிக்கலைத் தீர்க்கும் பொருட்டு, அறுபது இலட்சம் டொலருக்கு மேற்பட்ட பணம் விற்றவருக்குச் செலுத்தப்பட்டது. வராத பசளைக்குக் காசு கொடுத்த கமக்கார நாடு வேறெங்கும் உண்டோ என்று நாம் வியந்ததுண்டு.

2022 ஆம் ஆண்டுக்கான ஒதுக்கீட்டுச் சட்டமூலம் அச்சாகியபோது, அதிற் பாதுகாப்பு அமைச்சுக்கு ஏறக்குறைய 370 பில்லியன் ரூபா. கல்வி அமைச்சுக்கும் சுகாதார அமைச்சுக்கும் உரியதைக் கூட்டினாலும் 300 பில்லியனை எட்டவில்லை. மாகாண சபைகள் வழியே கல்விக்கும் வைத்தியசாலைக்கும் செல்லும் பணம் வேறு என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும். இருந்தாலும், யுத்தம் முடிந்து பன்னிரண்டு ஆண்டு கழிந்த பின், கடனால் மூச்சுத் திணறிய நாடு ஒன்று தன் முதற் கவளத்தை எங்கே வைத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான பக்கம் அவ்வேட்டில் இல்லை. வடக்கிலே முகாமுக்கு அருகில் குடியிருக்கும் வாசகருக்கு நாம் இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது 2022 ஜனவரி 18. அன்று முதிர்ந்த சர்வதேசப் பிணைமுறிக்கு 50 கோடி டொலர் முழுமையாகச் செலுத்தப்பட்டது. அன்றைய மாற்று விகிதத்தில் அது பத்தாயிரம் கோடி ரூபா. 2019 முடிவில் 7.6 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டு நாணயக் கையிருப்பு, 2021 முடிவில் 3.1 பில்லியன், அதிலும் பாதியளவு சீனாவுடன் செய்த நாணயக் கைமாற்று, கைக்கு எளிதில் எட்டாத பணம். கடன் கொடுத்தோரை அழைத்துப் பேசுக, தவணை கேட்க, சர்வதேச நாணய நிதியத்தை நாடுக என்று பொருளியலறிஞர் பலர் முன்னரே சொல்லியிருந்தனர். எதிர்க்கட்சியினரும் சொன்னார்கள். கேட்பார் இல்லை.

வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது குற்றமா என்று வாசகர் கேட்கலாம். நல்ல கேள்வி. சுதந்திரத்தின் பின் அதுவரை இலங்கை தன் வெளிநாட்டுக் கடனிலே தவணை தவறியிருக்கவில்லை. அப்பெயரைக் காப்பது மானமுள்ளோர் செயலே. எமது பெற்றோரும் அப்படித்தான் எம்மை வளர்த்தனர். ஆனால் அதே பெற்றோர், இன்று ஒருவன் கடனைத் தீர்த்துவிட்டு மூன்று மாதத்தில் மற்றெல்லோருக்கும் கையை விரிக்கப் போவதாகத் தெரிந்தால், எல்லாக் கடன்காரரையும் ஒன்றாக இருத்திப் பேசியிருப்பர். நடந்தது அதற்கு மாறு. ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கமே அறிவித்தது. மானமும் போயிற்று, பணமும் போயிற்று. அப்பிணைமுறிகள் மாதக்கணக்கில் முகப்பெறுமதிக்குக் குறைந்த விலையிற் கைமாறி வந்தவை. மலிவாய் வாங்கி வைத்தவர் முழுத் தொகையும் பெற்றார். அவ்வேளையில் எரிபொருட் கப்பல்கள் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே டொலருக்குக் காத்து நங்கூரமிட்டு நின்றன. மே மாதத்திலே, உடனே செலவிடக் கூடிய கையிருப்பு 5 கோடி டொலருக்கும் குறைவு என்று அன்றைய நிதியமைச்சர் பாராளுமன்றத்தில் கூறினார். ஜனவரியிற் கொடுத்ததன் பத்திலொரு பங்கு கூட மிஞ்சவில்லை.

கடைசிப் பந்தியில் நின்றவர் யார் என்பதை எமது வீடுகளே அறியும். மார்ச் மாதத்திலே மேல் மாகாணப் பாடசாலைகளில் 9, 10, 11 ஆம் வகுப்புத் தவணைப் பரீட்சைகள் காலவரையறையின்றி ஒத்திவைக்கப்பட்டன. வினாத்தாள் அச்சிடக் கடதாசி இல்லை. மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் நின்றது. நானூறு கிராம் பால்மாப் பைக்கற்று 790 ரூபாவாயிற்று. இரண்டாண்டுக்கு முன் 380 ரூபா. ஓராண்டுக்கு முன்தான் தோட்டத் தொழிலாளி நெடுநாட் போராடி 1,000 ரூபா நாட்சம்பளம் பெற்றிருந்தார். ஒரு நாட் கூலியில் ஐந்தில் நான்கு பங்கு ஒரு பைக்கற்றுப் பால்மாவுக்கு! வறியோர் தொகை 2021 இல் 13 வீதமாக இருந்து 2022 இல் 25 வீதமாயிற்று என்று உலக வங்கி மதிப்பிட்டது. எரிவாயு வரிசையிலே நின்றபோது, யாருக்கு வாக்களித்தீர் என்று எவரும் எவரையும் கேட்கவில்லை. 2019 இல் அவருக்கு வாக்களியாத யாழ்ப்பாணமும், அள்ளி வழங்கிய அம்பாந்தோட்டையும் அன்று ஒரே வரிசை.

முதியோர்க்கு இங்கே 1953 நினைவு வரும். அன்றும் திறைசேரியில் முடை. கூப்பன் அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஓகஸ்ட் 12 இல் ஹர்த்தால் நடந்தது. ஒக்டோபரிலே பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அவர் செய்ததும் பிழையான வரிசையே. ஆனால் பாராளுமன்றத்திற்குப் பொறுப்புடைய பிரதமர், நாட்டின் முகத்தைப் பார்த்து இரு மாதத்தில் விலக முடிந்தது. 1978 இன் அரசியலமைப்பு தந்த ஜனாதிபதிக்கு அந்த நெருக்குதல் இல்லை. 2022 ஏப்ரல் 3 இரவு அமைச்சரவை முழுவதும் விலகக் கடிதம் கொடுத்தது, ஜனாதிபதி அசையவில்லை. அதே மாதம் 18 ஆம் திகதி புதிய அமைச்சர்களின்முன், பசளைத் தடையும் நாணய நிதியத்தை நாடத் தாமதித்ததும் தவறுகள் என்று அவரே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பின்னும் மூன்று மாதம் இருந்தார். ஜூலை 9 இல் மக்கள் மாளிகைக்குள் புகுந்தபின் அன்றோ போனார்!

2023 நவம்பர் 14 ஆம் திகதி உயர் நீதிமன்றம், நால்வர் இசைந்தும் ஒருவர் மாறுபட்டும், முன்னாள் ஜனாதிபதி, அவர் சகோதரர் இருவர், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர் இருவர், திறைசேரியின் முன்னாள் செயலாளர் ஒருவர் முதலியோர் பொதுமக்கள் வைத்த நம்பிக்கைக்கு மாறாக நடந்து நெருக்கடிக்குக் காரணமாயினர் எனத் தீர்ப்பளித்தது. 2019 இன் வரிக்குறைப்பும், நாணய நிதியத்தை நாடத் தாமதித்ததும், ஜனவரியிற் செலுத்திய 50 கோடி டொலரும் அத்தீர்ப்பிலே ஆராயப்பட்டன. முறையிட்டோருக்கு வழக்குச் செலவாக 150,000 ரூபா கொடுக்கும்படி ஆணையாயிற்று. அவர்கள் நட்டஈடு கேட்டிருக்கவில்லை.

நட்டத்தை ஈடுசெய்தவர் வேறு. பெறுமதி சேர் வரி 2022 ஜூனில் 12 வீதம், செப்டெம்பரில் 15 வீதம், 2024 ஜனவரியில் 18 வீதம் என்று படிப்படியாய் ஏறியது. 2019 இல் இறக்கியதைவிட மூன்று வீதம் மேலே வந்து நின்றது. சம்பளத்திற்கன்று, கடைச் சாமானுக்கு. சிறு வள்ளங்களின் இயந்திரத்துக்கு ஊற்றும் மண்ணெண்ணெய், லீற்றர் 87 ரூபாவாக இருந்தது, 2022 ஓகஸ்டில், அடுத்த ஜனாதிபதியின் காலத்திலே, ஒரே இரவில் 340 ரூபாவாயிற்று. 2019 டிசெம்பரிலே சலுகை பெறாத பருத்தித்துறை மீனவர், அச்சலுகையின் விலையை அன்று அதிகாலையிலே, வள்ளத்தைத் தள்ளுமுன், எண்ணிக் கொடுத்தார்.